வெளுத்த ரோஸ்

தம்பி,

உன் மேசை மேல் ஒரு ரோஸ் நிறக் கல் இருக்கிறதே, வருகிறவர் போகிறவர் எல்லாரிடமும் "எங்கப்பா எனக்குக் கொடுத்த முதல் கல்லு" என்று எடுத்துக் காட்டுவாயே, அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். அந்தக் கல்லை நான் உனக்குக் கொடுக்கவில்லை. அதை உன் அம்மா மேல் எறிந்தேன். அவளுடைய இடது கையில் மூன்று விரல்கள் மடங்காமல் போனது அந்தக் கல்லால்தான். லாரியிலிருந்து லோடு சரிந்து கையில் விழுந்தது என்று உனக்கும் ஊருக்கும் சொன்னதெல்லாம் பொய். இதைப் போனில் சொல்லிவிடலாம் என்று இரண்டு தடவை கூப்பிட்டேன். நீ "சொல்லுங்கப்பா" என்றதும் மழை பெய்ததையும் பருத்தி காய் பிடித்ததையும் பேசிவிட்டு வைத்துவிட்டேன். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் நீ பாதி படிப்பதற்குள் வேறு ஏதாவது வந்து கீழே தள்ளிவிடும். அதனால்தான் காகிதமும் பேனாவும். இதன் நகல் ஒன்றை உனக்குப் பேசி முடித்திருக்கும் நந்தினிக்கும் கொடுக்கிறேன். வேறு யார் கேட்டாலும் படிக்கக் கொடுப்பேன். இத்தனை வருஷம் மூடி வைத்தது போதும்.

அருப்புக்கோட்டை அச்சகத்தில் நடந்ததிலிருந்து ஆரம்பிக்கிறேன். அது நடக்காமல் இருந்திருந்தால் நான் இதை எழுதாமலே செத்திருப்பேன். உன் கல்யாணப் பத்திரிகைக்கு புரூஃப் பார்க்க நீ, நான், அம்மா, நந்தினி என்று நான்கு பேர் போனோம். நந்தினி பள்ளிக்கூடத்தில் அரை நாள் லீவு சொல்லிவிட்டுப் பந்தல்குடியிலிருந்து பஸ் ஏறி வந்திருந்தாள். நீதான் முதலில் வாங்கிப் பார்த்தாய். எல்லாம் சரி என்று கையெழுத்தும் போட்டுவிட்டாய். அதற்குப் பிறகு அவள் வாங்கிப் படித்தாள். உன் படிப்பு நிலவியல் என்று இருக்கவேண்டிய இடத்தில் புவியியல் என்று இருந்தது. "இது ஜியாகரபிங்க. நீங்க படிச்சது ஜியாலஜி. நிலவியல்னு வரணும்" என்றாள். தணிந்த குரலில்தான் சொன்னாள். "எல்லாம் ஒண்ணுதான், விடு" என்றாய். "ஒண்ணு இல்லைங்க. எங்க பிள்ளைக இப்படி எழுதினா நான் மார்க்கைக் குறைப்பேன்" என்று சிரித்தாள். அச்சகக்காரரும் சேர்ந்து சிரித்தார். அந்தச் சிரிப்புதான் உன்னைக் கிளப்பிவிட்டது. மேசை மேல் இருந்த கண்ணாடிப் பேப்பர்வெயிட்டை உன் கை எடுத்ததைப் பார்த்தேன். அது பறந்ததைப் பார்க்கவில்லை, உன் கையைத்தான் பார்த்தேன். அவள் காதுக்கு ஒரு சாண் தள்ளிச் சுவரில் மோதித் தெறித்தது. அவள் தன் தோளில் கிடந்த ஒரு கண்ணாடிச் சில்லை இரண்டு விரலால் எடுத்து மேசை மேல் வைத்தாள்.

அப்புறம் நடந்தது உனக்கே தெரியும். அச்சகக்காரர் விளக்குமாறு எடுத்துக் கூட்டினார். நீ "ஸாரி, கல்யாண டென்ஷன்" என்றாய். பக்கத்துக் கடையில் எல்லாருக்கும் ரோஸ்மில்க் வாங்கிக் கொடுத்தாய். நந்தினி ஒரு வாய் குடித்துவிட்டுக் கீழே வைத்துவிட்டாள். "மாப்ளைக்குக் கோவம் கொஞ்சம் சாஸ்தி" என்று அச்சகக்காரர் என்னைப் பார்த்துச் சொன்னபோது நான் பல்லைக் காட்டினேன். அந்தப் பல்லை நானே உடைத்துக்கொண்டிருக்க வேண்டும். உன் வீச்சை நான் பார்த்தேன், தம்பி. தோளைப் பின்னால் இழுத்து, முழங்கையை நீட்டி, கை போன பிறகும் உடம்பு முன்னால் சாய்ந்த விதம். அது என் வீச்சு. ஒரு பிள்ளைக்கு அப்பனின் மூக்கு வரும், காது வரும். எனக்கு என் அப்பாவின் காது வந்திருக்கிறது. உனக்கு என்னிடமிருந்து அந்தக் கை வந்திருக்கிறது.

நான் கோபக்காரன் என்பது நம் எம்.ரெட்டியபட்டியில் எல்லாருக்கும் தெரியும். அதை நான் ஒரு பட்டம் போல வைத்துக்கொண்டிருந்தேன் என்பதுதான் வெட்கக்கேடு. லோடு ஏற்ற வந்த டிரைவர் ஒருவனின் பல்லை உடைத்திருக்கிறேன். சில்லறை தராத ஷேர் ஆட்டோக்காரனைச் சட்டையைப் பிடித்துக் கீழே இழுத்துப் போட்டு மிதித்திருக்கிறேன். உன்னைப் பம்புசெட் ஹோஸால் அடித்தது உனக்கு ஞாபகம் இருக்கும், முதுகில் தழும்பும் இருக்கும். எதற்கு அடித்தேன் என்று உனக்கு ஞாபகம் இருக்கிறதா? எனக்கு இல்லை. அடித்தது மட்டும் இருக்கிறது, காரணம் போய்விட்டது. யோசித்துப் பார்த்தால் என்னுடைய எல்லா அடிதடியும் அப்படித்தான். ஒன்றே ஒன்றுக்கு மட்டும் காரணம் நன்றாக ஞாபகம் இருக்கிறது. அதைத்தான் இப்போது எழுதப் போகிறேன்.

அப்போது உனக்கு நான்கு வயது. திருச்சுழிக்குத் தெற்கே கருவைக்காட்டுக்குள் இருந்த பெல்ஸ்பார் கல் வெட்டும் குழியில் நான் மேஸ்திரி. அந்தக் குழியை நீ பார்த்ததில்லை, மூடி ரொம்ப நாளாகிவிட்டது. சுற்றிலும் சாம்பல் நிறப் பாறை, அதை இரண்டாகக் கிழித்துக்கொண்டு நடுவில் ஓர் ஆள் படுக்கும் அகலத்துக்கு வெள்ளையும் ரோஸுமாக ஒரு பட்டை இறங்கும். அந்தப் பட்டைதான் எங்களுக்குச் சோறு. காலையில் துளை போட்டு வெடிமருந்து கெட்டிப்பார்கள். உச்சிவேளையில் சிவப்புத் துணியை ஆட்டி விசில் அடித்ததும் எல்லாரும் தண்ணீர் லாரிக்குப் பின்னால் ஓடவேண்டும். வெடி போட்டால் தரை உள்ளங்காலில் வந்து அடிக்கும். பிறகு வானத்திலிருந்து கல் கொட்டும். லாரியின் தகரத்தில் அது விழுகிற சத்தம் நிற்கும்வரை யாரும் மூச்சு விடமாட்டோம். ஒரு தடவை, சாப்பாட்டுத் தூக்கை எடுக்கத் திரும்பிப் போன ஒருவரின் மண்டையில் கை அளவு சில்லு இறங்கியது. அவரைத் தூக்கிக்கொண்டு போன அதே கையோடு வந்து மறுபடி துளை போட்டோம். அந்த இடத்தில் கோபம் என்பது தண்ணீர் மாதிரி. எல்லாரும் குடித்தோம்.

வெடி அடங்கிய பிறகு பெண்கள் சுத்தியலோடு உட்கார்ந்து கல்லைப் பிரிப்பார்கள். உன் அம்மாவும் அவர்களில் ஒருத்தி. ஒரு தண்டவாளத் துண்டின் மேல் கல்லை வைத்து உடைத்து மூன்று குவியலாகப் போடவேண்டும். ரோஸ் கல் பீங்கான் பேக்டரிக்கு. வெள்ளைக் கல் டைல்ஸ் பேக்டரிக்கு. கண்ணாடி மாதிரி வளைந்து வளைந்து உடையும் வெங்கச்சாங்கல்லைத் தூரப் போடவேண்டும். இதுதான் என் சட்டம். எனக்கு முன்னால் இருந்த மேஸ்திரி செய்ததைப் பார்த்து நானும் செய்தேன், அவருக்கு யார் சொன்னார்கள் என்று எனக்குத் தெரியாது. ரோஸ் என்றால் பொட்டாஷ், வெள்ளை என்றால் சோடா. நிறத்தைப் பார், பிரித்துப் போடு, அவ்வளவுதான். பத்தாம் வகுப்பு பெயிலான நான் இதை ஒரு பெரிய வித்தை போல எல்லாரிடமும் அதட்டிக்கொண்டிருந்தேன்.

உன் அம்மா கல்யாணத்துக்கு முன்னால் அருப்புக்கோட்டையில் தறிக்குத் தாரில் நூல் சுற்றினவள். ஒரு இழை தடித்திருந்தாலும் அவள் கண்ணுக்குத் தெரிந்துவிடும். அவள் என்ன செய்தாள் என்றால், உடைந்த கல்லைக் குடத்துத் தண்ணீரில் அலசி, வெயிலில் இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்திருக்கிறாள். நான்கு நாள் பார்த்துவிட்டு என்னிடம் வந்தாள். "ஏங்க, இந்த வெள்ளையில ரெண்டு ரகம் இருக்கு. ஒண்ணுல நூலை ஒட்டவச்சாப்புல கோடு கோடா ஓடுது. இன்னொண்ணுல கோடே இல்லை. மொழுமொழுன்னு இருக்கு, ரோஸ் கல்லு மாதிரியேதான் உடையுது. இது வெளுத்த ரோஸுங்க. வெள்ளைக் குமியில போடக்கூடாது." பக்கத்தில் இருந்த பெண்கள் சிரித்துவிட்டார்கள். "வெளுத்த ரோஸாம்ல! எலே மேஸ்திரி, உன் பொண்டாட்டி புதுக் கல்லு கண்டுபிடிச்சிருக்காக" என்று துளை போடுகிறவன் கத்தினான். "வேலையைப் பாரு புள்ள" என்று நான் அவளை விரட்டினேன். அவள் வேலையைத்தான் பார்த்தாள். கோடு இல்லாத வெள்ளையை எல்லாம் எடுத்து ரோஸ் குவியலில் போட்டாள். நான் அதைப் பொறுக்கித் திரும்ப வெள்ளையில் எறிந்தேன். மூன்று நாள் அவள் போட, நான் எறிய, ஆட்கள் பார்த்துச் சிரிக்க, எனக்கு உள்ளுக்குள் கொதித்துக்கொண்டே இருந்தது.

நான்காம் நாள் டைல்ஸ் பேக்டரிக்குப் போன லோடு அப்படியே திரும்பி வந்தது. வெள்ளையில் வேறு கல் கலந்திருக்கிறது, சூளையில் சரியாக உருகவில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். முதலாளி எல்லார் முன்னாலும் என்னை வாயில் வந்தபடி திட்டினார். நான் தலையைக் குனிந்து நின்றேன். அவர் ஜீப்பில் ஏறிப் போன புழுதி அடங்கவில்லை, உன் அம்மா சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்து ஒன்றே ஒன்று சொன்னாள். "நான் சொன்னேன்ல." குத்திக் காட்டுவதற்காகச் சொல்லவில்லை. இனிமேலாவது கேட்பேன் என்று நினைத்துச் சொன்னாள். அந்த வித்தியாசம் எனக்கு இப்போது தெரிகிறது. அப்போது என் காதில் இருபது பேரின் சிரிப்புதான் கேட்டது. காலடியில் கிடந்த கல்லை எடுத்தேன். இரண்டு கையும் சேர்த்துப் பிடிக்கிற கல். அதை ஒரு கையால் தூக்கி அவள் முகத்துக்கு நேராக வீசினேன்.

முகத்துக்கு நேராகத்தான் வீசினேன், தம்பி. சும்மா மிரட்ட எறிந்தேன், கை தவறிவிட்டது என்று இத்தனை வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டது உண்டு. கை தவறவில்லை. அவள் இடது கையைத் தூக்கி மறைத்ததால் முகம் தப்பியது. எலும்பு நொறுங்கும் சத்தம் கல் உடையும் சத்தத்தைவிடச் சின்னது. ஆனால் எனக்குக் கேட்டது. கல் அவள் கையில் பட்டு, தண்டவாளத் துண்டின் மேல் விழுந்து ஒரு மூலை தெறித்தது. அவள் விரல்களைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அவள் கண்ணில் வலி வருவதற்கு முன்னால் ஒரு ஆச்சரியம் வந்தது. அந்த ஆச்சரியத்தை நான் இன்னும் மறக்கவில்லை. சிரித்த இருபது பேரும் வாயைத் திறக்கவில்லை. துளை போடுகிறவன் மட்டும் "லாரியில இருந்து கல்லு உருண்டுருச்சுன்னு சொல்லிருவோம் மேஸ்திரி" என்றான். அந்தப் பொய்யை எனக்கு அவன்தான் கொடுத்தான். நான் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

ஆஸ்பத்திரியில் கேட்டபோது லாரி என்றேன். கட்டுப்போட்ட நர்ஸம்மா உன் அம்மாவைப் பார்த்து "அப்படியாம்மா?" என்று தனியாகக் கேட்டார். உன் அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு "ஆமா, லாரிதான்" என்றாள். வாசலில் நான் அவளுக்கு ஆரஞ்சுப் பழம் வாங்கினேன். உரித்தும் கொடுத்தேன். உன் ரோஸ்மில்க்கைப் பார்த்ததும் எனக்கு அந்த ஆரஞ்சுதான் ஞாபகம் வந்தது. கல்லை யாரும் பார்த்துவிடக் கூடாதென்று துண்டில் சுருட்டிப் பையில் போட்டிருந்தேன், எங்கேயாவது கண்மாயில் எறிந்துவிடலாம் என்று. வீட்டுக்கு வந்ததும் நீ பையைக் கிளறி அதை வெளியே எடுத்தாய். அதன் தட்டையான முகத்தில் வெயில் பட்டு மின்னியது. "அப்பா, எனக்கா?" என்று கேட்டாய். நான் ஆமாம் என்றேன். இதுதான் நான் உனக்குக் கொடுத்த முதல் கல்லின் கதை. அதை வைத்துத்தான் நீ கல் பொறுக்க ஆரம்பித்தாய். பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கினாய், நிலவியல் படித்தாய், வேலைக்கும் போனாய். உன் அம்மா அந்தக் கல்லைத் தினமும் உன் படுக்கையிலிருந்து எடுத்து ஓரமாக வைத்தாள், நொண்டிக் கையால்.

கல்லூரியில் முதல் வருஷ லீவுக்கு நீ வந்திருந்தபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். ஆட்டுக்கறி எடுத்திருந்தோம். நீ வாயில் சோற்றோடு பாடம் நடத்தினாய். பூமியின் மேலோட்டில் பாதிக்கு மேல் இந்த பெல்ஸ்பார்தான் என்றாய். சிலிக்காவும் அலுமினியமும் ஆக்சிஜனும் சேர்ந்து கட்டிய ஒரே மாதிரி வீடு, அதில் குடியிருப்பது பொட்டாசியமா, சோடியமா, கால்சியமா என்பதை வைத்துத்தான் பெயர் மாறும் என்றாய். பாறைக் குழம்பு ஆறும்போது கால்சியம் கல் முதலில் கெட்டிப்படும், சோடியம் மெல்லப் பின்னால் வரும், பொட்டாசியம் கடைசியாக வரும், கடைசியில் மிஞ்சிய குழம்பில் நீராவி நிறைய இருப்பதால்தான் நம் குழிப் பட்டையில் அவ்வளவு பெரிய கற்கள் விளைந்தன என்றாய். நான் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தேன். அப்போதுதான் நீ அதைச் சொன்னாய். "நிறத்தை வச்சுப் பிரிக்கக் கூடாதுப்பா. ரோஸ் நிறம் துளியூண்டு இரும்பால வாரது. பொட்டாஷ் கல்லு வெள்ளையாவும் இருக்கும். உடைஞ்ச முகத்துல சன்னமா கோடு ஓடுனா அது பிளாஜியோகிளேஸ், சோடாக் கல்லு. கோடு இல்லைன்னா பெரும்பாலும் பொட்டாஷ்."

உன் அம்மா குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தாள். கரண்டி அப்படியே நின்றது. "கோடு இருந்தா ஒரு ரகம், இல்லைன்னா ஒரு ரகம். அதானப்பா?" என்று கேட்டாள். நீ துள்ளிவிட்டாய். "அம்மா! உனக்கு எப்படித் தெரியும்?" அவள் என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் நான் தாங்கியிருப்பேன். "யாரோ குழியில பேசிக்கிட்டாக" என்று சொல்லிவிட்டுப் பாத்திரம் கழுவப் போய்விட்டாள். "நான் சொன்னேன்ல" என்று அவள் சொல்ல வேண்டிய இடம் அது. உலகத்தில் வேறு யாருக்கும் அந்தச் சொல்லைச் சொல்ல அவ்வளவு உரிமை இருந்திருக்காது. அவள் சொல்லவில்லை. குழியில் சொன்ன அந்த ஒரு நாளுக்குப் பிறகு அவள் வாயிலிருந்து அந்தச் சொல் வந்ததே இல்லை. கிணறு வெட்ட இடம் பார்த்தபோதும் சரி, உன்னை எந்த ஸ்கூலில் சேர்ப்பது என்றபோதும் சரி, அவள் சொன்னதுதான் கடைசியில் சரியாக இருந்தது. அவள் வாயைத் திறக்கவில்லை. நான் அவள் வாயை ஒரு கல்லால் அடைத்துவிட்டேன். நம் வீடு சண்டையில்லாத வீடு என்று நீ உன் நண்பர்களிடம் சொல்வாயே, அதன் ரகசியம் இதுதான்.

அதே ஞாயிற்றுக்கிழமை நீ உன் கல்லை விளக்கில் காட்டி அதற்குள் ஓடும் வெள்ளைக் கீற்றுகளைக் காட்டினாய். அதற்கு பெர்த்தைட் என்று பெயர் சொன்னாய். கொதிக்கிற சூட்டில் பொட்டாசியமும் சோடியமும் ஒரே கல்லுக்குள் கலந்து இருக்கும், ஆற ஆற இரண்டும் ஒத்துவராமல் உள்ளுக்குள்ளேயே தனித்தனியாகப் பிரிந்து கீற்றாகிவிடும், வெளியிலிருந்து பார்த்தால் ஒரே கல்தான் என்றாய். நீ கல்லைப் பற்றித்தான் சொன்னாய். என் காதில் வேறு ஏதோ விழுந்தது. அன்று சாயங்காலம் குழிப்பக்கம் தனியாக நடந்து போனேன். தண்ணீர் நின்ற பள்ளத்தைப் பார்த்துக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வந்தேன். உன் அம்மாவிடம் மன்னிப்புக் கேட்கத்தான் எழுந்து வந்தேன். வாசலில் அவளைப் பார்த்ததும் "காப்பி போடு" என்றேன். அதற்குப் பிறகும் எத்தனையோ சாயங்காலம் அந்தக் "காப்பி போடு"தான்.

இப்போது அச்சகத்துக்கு வருகிறேன். அன்று நீ ரயிலுக்குப் போய்விட்டாய். நானும் அம்மாவும் பஸ்ஸில் ஊருக்கு வந்தோம். வீட்டுக்குள் நுழைந்ததும் அவள் தன் கல்யாணப் பெட்டியைத் திறந்து, பட்டுச் சேலைக்கு அடியிலிருந்து ஒரு மஞ்சள் துணி முடிச்சை எடுத்து என் முன்னால் வைத்தாள். முடிச்சை ஒரு கையால் அவிழ்க்க முடியாமல் பல்லால் கடித்து இழுத்தாள். உள்ளே ஒரு சின்ன ரோஸ் கல். தண்டவாளத்தில் பட்டுத் தெறித்த அந்த மூலை. ரத்தம் ஒழுகுகிற கையோடு அதை அவள் எப்போது குனிந்து எடுத்தாள் என்று எனக்குத் தெரியாது. "இதை எதுக்கு வச்சிருக்க?" என்று கேட்டேன். "நீங்க லாரி லாரின்னு சொல்லிக்கிட்டே இருந்தீக. ஒருநா எனக்கே லாரின்னு தோணிப்போச்சு. நான் கனாக் கண்டேனோன்னு ஆயிரக்கூடாதுல்ல. அதான் வச்சேன்" என்றாள். நான் தரையில் உட்கார்ந்து அழுதேன். அவள் என்னைத் தேற்றவில்லை. தேற்றாதது சரிதான். "அழுறதை அப்புறம் அழுங்க. அந்தப் புள்ளைகிட்ட போயிச் சொல்லணும். கிளம்புங்க" என்றாள். உன்னிடம் முதலில் சொல்லலாம் என்றேன். "அவன்கிட்ட என்னத்துக்கு? அடி வாங்கப் போறது அவளா, அவனா?" என்றாள்.

மறுநாள் காலையில் பந்தல்குடிக்குப் போனோம். தூத்துக்குடி ரோட்டில் நந்தினியின் அப்பா டயர் கடையில் இருந்தார். எங்களைப் பார்த்ததும் சம்பந்தி வந்திருக்கிறார் என்று கையைத் துடைத்துக்கொண்டு ஓடி வந்தார். வீட்டுக்குள் உட்கார்ந்து நான் எல்லாவற்றையும் சொன்னேன். குழி, லோடு, கல், லாரி என்கிற பொய், அச்சகத்தில் நீ எறிந்தது. அச்சகத்தில் நடந்தது அவருக்குத் தெரியாது. நந்தினி வீட்டில் சொல்லவில்லை. அவர் எழுந்து என் சட்டையைப் பிடித்தார். நான் கையைத் தூக்கவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒருவர் என் சட்டையைப் பிடித்தும் நான் கையைத் தூக்கவில்லை. "உம்ம மகனுக்கு என் பொண்ணைக் கொடுத்து, அவ கைவிரலை எண்ணிப் பாத்துக்கிட்டு இருக்கணுமா நான்?" என்று கேட்டார். நந்தினிதான் "விடுங்கப்பா" என்று அவர் கையை எடுத்துவிட்டாள். பிறகு உன் அம்மாவுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, மடங்காத அந்த மூன்று விரல்களையும் தன் கையில் எடுத்துப் பார்த்தாள். "அத்தை, நீங்க ஏன் போகலை?" என்று கேட்டாள். "பஸ்ஸு இருந்துச்சுத்தா. இறங்கி நிக்க வீடு இல்லை" என்றாள் உன் அம்மா. பிறகு, "உனக்கு வீடு இருக்கு. உங்க அப்பா இருக்காக. சம்பளம் இருக்கு. அதனால நீ நல்லா யோசி" என்றாள். உன்னைப் பெற்றவள்தான் சொன்னாள்.

நந்தினி ரொம்ப நேரம், அம்மா முடிச்சோடு கொண்டுவந்திருந்த அந்தச் சின்னக் கல்லைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இது என்கிட்ட இருக்கட்டும் மாமா" என்றாள். "பெரிய கல்லு அவர் மேசையில இருக்கு, எனக்குக் காட்டியிருக்கார். அதை எடுத்துக்கிட்டு அவர் ஒத்தையில வரட்டும். ரெண்டையும் சேத்து வச்சுப் பாக்கிறேன். அச்சகத்துல என்ன நடந்துச்சுன்னு அவர் வாயால சொல்லட்டும். டென்ஷன்னு சொல்லாம சொல்லட்டும். அப்புறம் என் முடிவைச் சொல்றேன்." எனக்கு அவளைப் பார்த்து மரியாதையாக இருந்தது. பயமாகவும் இருந்தது.

அதனால் வா, தம்பி. இதைப் படித்து முடித்ததும் உனக்கு என் மேல் ஆத்திரம் வரும். எதையாவது எடுத்து எறியத் தோன்றும். கையில் இருப்பதைக் கீழே வை. எறியும் முன்னால் ஒரு நொடி இருக்கிறது. எனக்கும் இருந்தது, நான் அதை அப்போது பார்த்தேன், பார்த்துக்கொண்டேதான் எறிந்தேன். கோபம் வந்தால் ஒன்றும் தெரியாது என்று யாராவது உனக்குச் சொன்னால் நம்பாதே. எல்லாம் தெரியும். முதலாளி என்னைத் திட்டியபோது என் கோபத்துக்கு அவர் முதலாளி என்று தெரிந்திருந்தது. உன் அம்மா "நான் சொன்னேன்ல" என்றபோது அவள் திருப்பி அடிக்கமாட்டாள் என்றும் தெரிந்திருந்தது. உன் ஆபீஸில் மேலதிகாரி தப்பைக் காட்டினால் நீ பேப்பர்வெயிட்டை எடுப்பாயா? இதை நீயே உன்னிடம் கேட்டுக்கொள். பதிலை நந்தினியிடம் சொல். நீ அவளோடு வாழக் கொடுத்துவைத்திருந்தால், அவள் தினமும் பத்துத் தடவை "நான் சொன்னேன்ல" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி சொல்கிற வீடாக அது இருக்கட்டும். கொடுத்துவைக்கவில்லை என்றால், அதற்கு அவளைக் குறை சொல்லாதே, போன் போட்டுக் கெஞ்சாதே, ஆள் அனுப்பாதே. உன் அம்மா அவள் பக்கம். நானும் அவள் பக்கம்.

பந்தல்குடிக்குப் போகும்போது பழம், பூ, ரோஸ்மில்க் என்று எதையும் வாங்கிக்கொண்டு போகாதே. கல்லை மட்டும் எடுத்துக்கொண்டு போ. அது பொருந்தும். பெல்ஸ்பார் தட்டையாக, நேர்கோட்டில் உடையும் கல் என்று நீதான் எனக்குச் சொன்னாய். இத்தனை வருஷமானாலும் இரண்டு முகமும் ஒன்றை ஒன்று கண்டுகொள்ளும். அதை உன் கையால் பொருத்து. நேற்று அச்சகத்திலிருந்து பத்திரிகைக் கட்டு வந்தது. நந்தினி திருத்திய மாதிரியே நிலவியல் என்று சரியாக அடித்திருக்கிறார்கள். அம்மா கட்டை அவிழ்க்கச் சொல்லி என்னிடம் நீட்டவில்லை, நானும் அவிழ்க்கவில்லை. சணல் முடிச்சோடு அலமாரி மேல் இருக்கிறது. அவிழ்க்கச் சொல்லி நந்தினி போன் செய்தால் மட்டும் அவிழ்ப்பேன்.

உன் அப்பா